நெஞ்சில் அடி வாங்கியவனை மறுபடி இறக்கலாமா? மூச்சுப் பிடிப்பு, விலா, வீசிங்: கபடிக்காரர்களுக்கு

கேள்வி: 16 ஜனவரி 2025, இரவு 10:52

"நேத்து மாட்டுப் பொங்கல் ஆட்டம். எங்க ரைடரை ரெண்டு பேர் சேர்ந்து பிடிச்சதுல ஒருத்தன் முழங்கால் நெஞ்சுல இறங்கிடுச்சு. மூச்சே வரல, மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடினான். தண்ணி தெளிச்சு, ரெண்டு காலையும் மடக்கி வயித்தோட அழுத்தி விட்டோம். ரெண்டு நிமிஷத்துல எழுந்துட்டான். அடுத்த ரெய்டு விட்டு இறக்கினோம், மூணு பாயின்ட் எடுத்தான். கூட்டத்துல இருந்த ஒரு மெடிக்கல் காலேஜ் பையன் வந்து கமிட்டிய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டான். மூச்சு திரும்பிட்டா ஆள் சரியாயிட்டான்னுதானே அர்த்தம்? இதுக்கெல்லாம் உட்கார வச்சா கபடியே ஆட முடியாது."

17 ஜனவரி, காலை 6:15

நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். பத்து வருஷம் கார்னர் (ஓரத்தில் நின்று ரைடரைப் பிடிக்கிறவன்) ஆடியவன், இப்போது கேஷுவாலிட்டியில் நர்ஸ். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

அந்தப் பையன் திட்டியது சரி.

அடி நெஞ்சில் எந்த இடத்தில் விழுந்தது என்று நீ சொல்லவே இல்லை. நெஞ்சுக்குழியில், அதாவது நடு எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே விழுந்திருந்தால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற மூச்சுத் தசை, உதரவிதானம், ஒரு பிடி பிடித்துக்கொண்டு மூச்சை இழுக்க விடாது. பார்க்கப் பயமாக இருக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக விட்டுவிடும், யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்தக் கணக்கில்தான் நீங்கள் எல்லா அடியையும் பார்க்கிறீர்கள்.

விலாவில் விழுந்திருந்தால் கதை வேறு. எலும்பு விரிசல் விட்டிருக்கலாம், அதன் முனை நுரையீரலைக் குத்தியிருக்கலாம், நுரையீரலுக்கே கன்றியிருக்கலாம். இந்த மூன்றிலும் பையன் முதல் இரண்டு நிமிடத்தில் எழுந்து நிற்பான். களத்தில் உடம்பு சூடாக இருக்கும்போது வலி தெரியாது. மூணு பாயின்ட் எடுத்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நான் செய்வது: வெளியே கொண்டுவந்து உட்கார வை. படுக்க வைக்காதே, மூச்சு முட்டுகிறவனுக்குப் படுத்தால் இன்னும் முட்டும். பத்து நிமிடம். சட்டையைக் கழற்றி இரண்டு பக்க நெஞ்சும் ஒரே மாதிரி ஏறி இறங்குகிறதா பார். ரெய்டு முடித்து வந்தவன் வேகமாகத்தான் மூச்சு விடுவான், ஆனால் ஐந்து நிமிடத்தில் அது இறங்கிவர வேண்டும். உட்கார்ந்த பிறகும் நிமிடத்துக்கு முப்பதுக்கு மேலேயே நின்றால் வண்டியைக் கூப்பிடு. ஒரே மூச்சில் கபடி பாடச் சொல், பாடினால் பாதி பயம் போச்சு. காலை மடக்கி அழுத்துவதை விட்டுவிடு, விலா உடைந்திருந்தால் அது அடிமேல் அடி.

17 ஜனவரி, இரவு 9:40

தூங்கி எழுந்து படித்தேன். "ஒரே மூச்சில் பாடினால் பாதி பயம் போச்சு" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். என் கதையே அதற்கு எதிராக இருக்கிறது.

2008. ஊர்த் திருவிழா ஆட்டம், மண் தளம், டியூப் லைட். ரைடரின் தொடையைப் பிடிக்கப் போய் அவன் குதிகால் இடது பக்க விலாவில் பட்டது. விழுந்தேன், எழுந்தேன், ஆட்டத்தை முடித்தேன். இரவு சாப்பிடும்போது கையைத் தூக்க முடியவில்லை. அம்மா, "மூச்சுப் பிடிப்புடா, காலையில ஐயாகிட்ட போய் எடுத்துட்டு வா" என்றார். ஐயா எங்கள் ஊரில் சுளுக்கு எடுப்பவர், நல்ல கை. கழுத்துச் சுளுக்குக்கு இன்றைக்கும் அவரைத்தான் சொல்வேன். விளக்கெண்ணெய் தடவி, கட்டை விரலால் விலாவோடு விலாவாக வழித்தார். ஒரு இடத்தில் "டக்" என்றது. "விட்டுடுச்சு" என்றார். எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. அப்புறம் துணியால் நெஞ்சை இறுக்கிக் கட்டினார்.

மறுநாள் நண்பர்களிடம் பந்தா காட்ட ஒரே மூச்சில் முழு ரெய்டுக்குப் பாடிக் காட்டினேன். முப்பது நொடி. எல்லோரும் கைதட்டினார்கள்.

நாலாம் நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ நடந்தா வந்த?" என்று கேட்டார். இடது நுரையீரல் பாதிக்குச் சுருங்கியிருந்தது. நெஞ்சில் டியூப் போட்டு, அதைத் தண்ணீர் வைத்த பாட்டிலில் விட்டிருந்தார்கள். இருமும்போதெல்லாம் பாட்டிலில் குமிழி வரும். அஞ்சு நாள் அந்தக் குமிழியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அது நின்ற பிறகுதான் டியூபை எடுத்தார்கள். நர்ஸ் வேலைக்கு ஆசை வந்ததும் அந்தப் பாட்டிலால்தான்.

நெஞ்சை இறுக்கிக் கட்டுவது இன்றைக்கும் நடக்கிறது. கட்டினால் வலி குறையும், உண்மை. ஆனால் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, சளி கீழே தங்கும், நிமோனியா வரும். விலா முறிவுக்கு இப்போது யாரும் கட்டுப் போடுவதில்லை. வலி மாத்திரை, ஆழ மூச்சுப் பயிற்சி, இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வது, இவ்வளவுதான்.

நம்ம ஊரில் "மூச்சுப் பிடிப்பு" என்ற ஒரே சொல் தசைப் பிடிப்புக்கும், விலா விரிசலுக்கும், நுரையீரல் ஓட்டைக்கும் ஓடுகிறது. அதுதான் சிக்கல். அடிபடாமல் வந்த பிடிப்பு என்றால் ஐயாவிடம் போ. அடிபட்டு வந்தது என்றால் முதலில் எக்ஸ்ரே, அப்புறம் ஐயா.

18 ஜனவரி

"கழுத்துக்குக் கீழே வீங்கியிருக்கு, தொட்டால் நறநறங்குது, அது என்ன" என்று கேட்டவருக்கு: பொரி மூட்டையை அமுக்கினால் வருகிற மாதிரி இருந்தால் தோலுக்கு அடியில் காற்று. நுரையீரல் கசிகிறது. இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

19 ஜனவரி, மாலை

ரோமோ கதையை எடுத்துப் போட்டிருக்கிறார் ஒருவர். 2011 செப்டம்பரில் அமெரிக்கக் கால்பந்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் ஆட்டக்காரர் டோனி ரோமோ விலா உடைந்து, நுரையீரலில் ஓட்டையோடு திரும்ப இறங்கி ஜெயித்துக் கொடுத்தாரே, நம்ம பையன் மட்டும் என்ன சோடையா என்று கேட்கிறார்.

இறங்கினார், உண்மை. அதே அமெரிக்கக் கால்பந்தில் 2006-இல் டாம்பா பே அணியின் கிறிஸ் சிம்ஸும் அடி வாங்கிய பிறகு ஆடினார். மண்ணீரல் கிழிந்திருந்தது. அன்றே அறுவை சிகிச்சை செய்து மண்ணீரலையே எடுத்தார்கள். பிழைத்தவரை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் எல்லாம் சுகமாகத்தான் தெரியும். இடது பக்கம் கீழ் விலாவில் அடிபட்டு, இடது தோள்பட்டை முனையில் வலிக்கிறது என்று ஒருவன் சொன்னால் தோளைத் தேய்க்காதே. அது வயிற்றுக்குள் கசிகிற ரத்தம் காட்டுகிற வலியாக இருக்கலாம். வலது பக்கம் என்றால் கல்லீரல்.

19 ஜனவரி, இரவு 11:20

இதுவரை எழுதியதெல்லாம் எழுந்தவனைப் பற்றி. எழாதவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோர் மனதிலும் 2022 ஜூலை பண்ருட்டி வீடியோதான் ஓடுகிறது என்று தெரியும். ரெய்டு போன 22 வயதுப் பிள்ளை, நெஞ்சில் முழங்கால், எழப் பார்த்து அப்படியே சாய்ந்தது. அந்தப் பிள்ளைக்கு உள்ளே என்ன நடந்தது என்று வீடியோவைப் பார்த்துச் சொல்ல நான் யாருமில்லை. பொதுவாக இந்த மாதிரி விழுவதற்கு ஒரு காரணத்தைச் சொல்கிறேன்.

இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மின்சாரத்தை மறுபடி சேர்த்துக்கொள்கிறது. அப்படிச் சேர்க்கிற நேரத்தில், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போன்ற ஒரு சின்ன இடைவெளியில், சரியாக இதயத்துக்கு மேலே அடி விழுந்தால் துடிப்பு குழம்பிவிடும். துடிக்காது, நடுங்கும். ரத்தம் ஓடாது. எலும்பு உடைந்திருக்காது, நுரையீரலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கம்மோஷியோ கார்டிஸ் என்று பெயர். பெரும்பாலும் மாட்டுவது பதின்ம வயதுப் பையன்கள், அவர்களுடைய நெஞ்சுக்கூடு இன்னும் வளைந்து கொடுக்கும்.

பலமான அடிதான் வேண்டும் என்றும் இல்லை. 1959 ஜனவரியில் கராச்சியில் காயிதே ஆசம் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம். அப்துல் அஜீஸ் என்ற இளம் விக்கெட் கீப்பர் மட்டை பிடிக்கிறார். வேகப்பந்து இல்லை, மெதுவாக வந்த ஒரு ஆஃப் பிரேக். நெஞ்சில் பட்டது. அடுத்த பந்துக்குத் தயாராகும்போது விழுந்தார், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போனது.

2023 ஜனவரி 2, சின்சினாட்டி. அமெரிக்கக் கால்பந்தில் பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் ஒரு டேக்கிள் முடித்து எழுந்து நின்றார், இரண்டடி வைத்தார், பின்பக்கமாகச் சாய்ந்தார். இதுவும் அதே வகை அடிதான். களத்திலேயே நெஞ்சை அழுத்தினார்கள், அங்கேயே ஷாக் கொடுத்தார்கள். கண் விழித்ததும் எழுதிக் கேட்டாராம், நாம் ஜெயித்தோமா என்று. அந்த ஆண்டே திரும்ப ஆடவும் வந்தார். இரண்டு கதைக்கும் நடுவில் 64 வருஷம், ஷாக் கொடுக்கிற ஏ.இ.டி. என்ற ஒரு பெட்டி, அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஆட்கள்.

நம்ம களத்தில் அந்தப் பெட்டி இருக்காது. ஏ.இ.டி. இல்லாமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறையும். நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு மெதுவாகும். இதைத்தான் நம்மால் செய்ய முடியும்.

19 ஜனவரி, இரவு 11:50

விட்டுப்போனது. விழுந்தவனுக்குக் கை கால் வெட்டி இழுக்கலாம். இதயம் நின்ற முதல் நிமிடத்தில் மூளைக்கு ரத்தம் போகாததால் வருகிற இழுப்பு அது. நம்ம ஆள் என்ன செய்வான்? "வலிப்பு, வலிப்பு" என்று கத்திக்கொண்டு சாவிக்கொத்தைக் கையில் திணிப்பான். இரண்டு பேர் காலைப் பிடிப்பார்கள். ஒருவன் சோடா உடைப்பான். மூன்று நிமிடம் போய்விடும்.

இன்னொரு ஏமாற்று: கொர் கொர் என்று எப்போதாவது ஒரு மூச்சு இழுப்பான். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று நிம்மதியாகி விடுவார்கள். அது மூச்சு இல்லை. கூப்பிட்டால் பேசவில்லை, ஒழுங்கான மூச்சு இல்லை என்றால் அவ்வளவுதான், கையை வை. நெஞ்சு நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120, ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழும்பி வர விடு. கை சலித்தால் அடுத்த ஆள்.

"அடிபட்ட நெஞ்சை அழுத்தினா விலா உடையாதா?" உடையும். உடையட்டும்.

22 ஜனவரி

பேனாவை நெஞ்சில் குத்திக் காற்றை எடுப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சினிமா பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிஜத்தில் அந்த நிலைமை உண்டு. ஓட்டை ஒருவழிக் கதவு மாதிரி ஆகி, காற்று உள்ளே போகும், வெளியே வராது. அந்தப் பக்கம் ஊதி, இதயத்தையே மறுபக்கம் தள்ளும். ஆள் திணறுவான், வேர்த்துக் கொட்டும், நாடி வேகமாகி நூல் மாதிரி ஆகும், கழுத்து நரம்பு புடைக்கலாம், உதடு நீலம். டாக்டர்கள் ஊசி குத்திக் காற்றை விடுவார்கள். அவர்களுக்கே குத்துகிற இடத்தை 2018-இல் மாற்றினார்கள். பெரியவர்களுக்கு முன்பு காறை எலும்புக்குக் கீழே, இப்போது அக்குள் பக்கம் நாலாவது அல்லது ஐந்தாவது விலா இடுக்கு. முன்பக்கம் சதை தடித்த ஆட்களுக்கு ஊசி உள்ளே எட்டவில்லை. படித்தவர்கள் கையிலேயே எட்டாத ஊசி. நீங்கள் ரெனால்ட்ஸ் பேனாவோடு கிளம்பாதீர்கள்.

25 ஜனவரி

இரண்டு திருத்தம்.

ஒன்று. போன வாரம் ஒருவர் தனியாகக் கேட்டபோது "முதல் 48 மணி நேரம் அரசே பணம் கட்டும், எந்த ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போ" என்று சொல்லிவிட்டேன். தவறு. 2021 டிசம்பரில் வந்த "இன்னுயிர் காப்போம்" திட்டம் சாலை விபத்துக்கு. விளையாட்டுக் காயத்துக்கு அது இல்லை. அரசு ஆஸ்பத்திரி எப்போதும் இருக்கிறது, அங்கே போங்கள்.

இரண்டு. ஆக்சிமீட்டர். கொரோனாவில் வாங்கிய அந்தக் கிளிப் எல்லார் வீட்டிலும் கிடக்கிறது, கிட்டுப் பெட்டியில் போட்டு வையுங்கள் என்று நானே பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். இப்போது கொஞ்சம் தயங்குகிறேன். மெலிந்த, நல்ல மூச்சுள்ள பையனுக்கு ஒரு நுரையீரல் பாதி சுருங்கியும் 97 காட்டும், நான் பார்த்திருக்கிறேன். 92 காட்டினால் நம்பு. 97 காட்டினால் நம்பாதே, ஆளைப் பார். நுரையீரல் கன்றிப்போனது என்றால் அன்று நன்றாக இருப்பான், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் திணறும். ஆகவே இரவு தனியாகத் தூங்க விடாதே.

27 ஜனவரி

பெண்கள் அணியின் பயிற்சியாளர் அக்கா ஒருவர்: "ஆட்டம் முடிஞ்சு பத்து நிமிஷத்துல ஒரு பிள்ளைக்கு இளைப்பு வருது. ஆடும்போது ஒண்ணுமில்ல. நடிக்கிறாள்னு மத்தவங்க சொல்றாங்க."

நடிக்கவில்லை அக்கா. உழைப்பினால் வருகிற வீசிங் அப்படித்தான், நிறுத்திய பிறகு ஐந்து பத்து நிமிடத்தில்தான் உச்சத்துக்குப் போகும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் இறங்கும். நெஞ்சு இறுக்கம், மூச்சை வெளியே விடும்போது விசில். டாக்டரிடம் காட்டி நீல இன்ஹேலர் எழுதி வாங்குங்கள். ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பு எடுக்கச் சொல்வார்கள், நன்றாக வார்ம்-அப் செய்தாலும் குறையும்.

ஆடும் உச்சத்திலேயே, உள்ளே இழுக்கும்போது தொண்டையில் சத்தம் வந்து, நின்றவுடன் சில நிமிடத்தில் போய்விட்டால் அது குரல்வளை இறுகுவது. இன்ஹேலர் அதற்கு வேலை செய்யாது. இந்த வித்தியாசத்தைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

அவசரத்தில் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கிற குழாய்) இல்லையென்றால்: அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்கு ஓட்டை, சுற்றி டேப். பாட்டில் வாயை அவள் வாயில் வைத்து ஒரு பஃப், நாலைந்து மூச்சு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் சோதித்து 1999-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள், கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது. இப்படி ஒவ்வொன்றாக நாலு பஃப். கேட்கவில்லையா, மறுபடி, 108-ஐக் கூப்பிட்டுக்கொண்டே. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

28 ஜனவரி

மாநில அளவில் ஆடுகிறவர்களுக்கு ஒரு இடைச்செருகல். அந்த நீல இன்ஹேலரில் இருக்கிற சால்புட்டமாலுக்கு வாடா (WADA, உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) விதியில் வரம்பு உண்டு: ஒரு நாளைக்கு 1600 மைக்ரோகிராம், அதிலும் எட்டு மணி நேரத்துக்குள் 600-க்கு மேல் கூடாது. ஒரு பஃப் 100. அப்படியென்றால் நான் நேற்று சொன்ன "நாலு, மறுபடி நாலு" வரம்பைத் தாண்டுகிறதே என்று ஒருவர் பிடித்துவிட்டார். சரிதான். ஆனால் மூச்சுத் திணறுகிறவளுக்குப் பக்கத்தில் நின்று பஃப் எண்ணாதீர்கள். அவசர சிகிச்சைக்குப் பின்னால் விண்ணப்பித்து விலக்கு கேட்க வழி இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பெரிய ஆபத்து மெடிக்கல் ஷாப் இருமல் சிரப். பலதில் மூச்சுக்குழாயை விரிக்கிற டெர்புட்டலின் இருக்கும். அது எந்த வழியில் எடுத்தாலும் தடை. சால்புட்டமாலும் மாத்திரையாக, சிரப்பாக எடுத்தால் தடைதான். பின்னால் அட்டையைப் படியுங்கள்.

30 ஜனவரி

கமிட்டிக்காரர்களுக்கு. மருத்துவம் இல்லை, ஊர் விஷயம். 108 வரும் வழியில் பந்தலும் ராட்டினமும் போடாதீர்கள். ஒரு தடவை வண்டி தேரடியில் நின்றுவிட்டது, ஸ்ட்ரெச்சரைக் கடலைக்கடை வண்டிகளுக்கு நடுவே தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினோம். போன் செய்கிறவன் பேசும்போது மைக்கை அணையுங்கள். எதிர்முனையில் "எந்த ஊர்" என்று கேட்பது காதில் விழாமல், வர்ணனை செய்கிறவர் ஸ்கோரை அறிவித்துக்கொண்டே இருந்தார்.

2 பிப்ரவரி

முதலில் கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறான். பையனை எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள், பத்து நாள் கழித்து. ஏழாவது விலா விரிசல். நுரையீரல் சுத்தம். "அண்ணே, தைப்பூசத்துக்கு இறக்கலாமா?"

தைப்பூசம் பதினொன்றாம் தேதி. அடிபட்டு நாலு வாரம்கூட ஆகவில்லை. விலா எலும்பு ஒட்ட ஆறு வாரம் ஆகும், இன்னொரு முழங்கால் விழுகிற விளையாட்டுக்கு அதற்கு மேலும் விடு. வலி ஊசி போட்டு இறக்கலாமே என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். 2020 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் ஆட்டக்காரர் டைராட் டெய்லருக்கு ஆட்டத்துக்கு முன்னால் விலா வலிக்கு ஊசி போட்டார்கள். ஊசி நுரையீரலில் இறங்கிவிட்டது. அன்று அவர் போனது ஆஸ்பத்திரிக்கு.

இவ்வளவு எழுதிய பிறகு தோன்றுவது: நாம் தடுமாறுவது சிகிச்சையில் இல்லை. களத்தில் ஏழு பேர், வெளியே ஐந்து பேர் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் "நீ வெளியே உட்காரு" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. கோச்சுக்கு ஸ்கோர் முக்கியம், பையனுக்கு மானம், ரெஃப்ரிக்கு நேரம். ஜெயிச்சாலும் தோற்றாலும் கவலைப்படாத ஒருவன் வேண்டும்.

14 மார்ச்

அப்படி எழுதியதற்குத் தண்டனை. மாசி மகத்து ஆட்டத்துக்கு என்னையே அந்த ஆளாக உட்கார வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கிட்டுப் பெட்டி, ஓயாமல் டீ.

அரையிறுதி. உள்ளூர் ரைடர், பிளஸ் டூ பையன், டேஷில் (எதிரணி ஆள் மோதித் தள்ளியதில்) நெஞ்சோடு எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் விழுந்தான். எழுந்தான். வலது பக்கம் தொட்டால் ஒரு இடத்தில் முகம் சுளித்தான், பத்து நிமிடம் கழித்தும் மூச்சு நான் நினைத்த அளவு இறங்கவில்லை. இறக்க மாட்டேன் என்றேன். கோச் கெஞ்சினார். அவன் அப்பா என் முப்பாட்டன் வரைக்கும் போனார். இரண்டு பாயின்டில் தோற்றார்கள்.

அன்றிரவே நானே வண்டியில் உட்கார வைத்து எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப் போனேன். ஒன்றும் இல்லை. மறுநாள் காலை இன்னொரு படம். அதிலும் ஒன்றும் இல்லை. வெறும் சதை அடி.

பையன் இன்னும் என்னோடு பேசவில்லை. பங்குனி உத்திரத்துக்கும் என்னையே உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், அவன் அப்பா உட்பட.